குளோபல் மாறி முரண்டு பிடித்தால்: பிஐஇ எக்ஸிகியூட்டபிளில் பிழை தேடும் வழி

கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. கம்பைலரைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோனோம், அல்லது லினக்ஸ் டிஸ்ட்ரோவை மேம்படுத்தினோம், அவ்வளவுதான். இப்போது லிங்க்கர் பிழை காட்டி நிற்கிறது. அல்லது எல்லாம் பில்டு ஆகி ஓடினாலும் ஒரே மாறி ஓரிடத்தில் 3 என்கிறது, இன்னோரிடத்தில் 1 என்கிறது. இப்படி ஒரு புகார் என்னிடம் வராத மாதம் குறைவு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடிக் களைத்த பிறகு, அறிகுறிவாரியாகக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

எக்ஸ்86-64 லினக்ஸ், ஜிசிசி அல்லது கிளாங் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். பிஐஇ என்பது நினைவகத்தில் எந்த முகவரியில் ஏறினாலும் ஓடும் எக்ஸிகியூட்டபிள். பிஐசி என்பது ஷேர்டு லைப்ரரிக்காக அதே போலக் கட்டும் கோடு. கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி தந்திருக்கிறேன். -எஃப்பிஐஇ, -எஃப்பிஐசி இரண்டிலும் முதல் எஃப் சின்ன எழுத்து, மற்ற மூன்றும் பெரிய எழுத்து.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்றைப் பாருங்கள்

ஒன்று, உங்கள் எக்ஸிகியூட்டபிள் உண்மையிலேயே பிஐஇதானா? ரீட்எல்ஃப் -எச் ஓட்டினால் டைப் என்ற வரியில் டிஒய்என் என்று இருக்க வேண்டும். எக்ஸ்இசி என்று இருந்தால் அது பழைய, நிலையான முகவரி வகை. "நான் எந்த ஆப்ஷனும் தரவில்லையே" என்று பலர் சொல்வார்கள். தர வேண்டியதில்லை. ஜிசிசி 6 முதல், பிஐஇயையே இயல்பாக வைத்துக் கம்பைலரைக் கட்டலாம். உபுண்டு 16.10, டெபியன் 9 காலத்திலிருந்து பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் அப்படித்தான் தருகின்றன.

இரண்டு, அந்த மாறி எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது? எக்ஸிகியூட்டபிளுக்குள்ளேயா, (லிங்க் செய்யும்போதே உள்ளே சேர்ந்துவிடும்) ஸ்டாட்டிக் ஆர்கைவிலா, (ஓடும்போது தனிக் கோப்பாக ஏறும்) ஷேர்டு லைப்ரரியிலா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஹெடரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். என்எம் கட்டளையால் ஒவ்வொரு கோப்பையும் பாருங்கள். பெயருக்கு முன்னால் டி, பி, ஆர் இருந்தால் அங்கேதான் வரையறை. யூ இருந்தால் அது வெளியே தேடுகிறது. லைப்ரரிக்கு என்எம்மோடு -டி சேர்க்க வேண்டும். இது பெரிய டி.

மூன்று, கோடு அந்த மாறியை எப்படி எடுக்கிறது? வழி இரண்டுதான். ஆர்ஐபி ரெஜிஸ்டரிலிருந்து (அடுத்து ஓடும் கட்டளையின் முகவரி) இவ்வளவு தூரம் என்று நேராக எடுப்பது ஒன்று. ஜிஓடி அட்டவணையில் முகவரியைப் படித்து, அந்த முகவரிக்குப் போய் எடுப்பது இன்னொன்று. ஆப்ஜ்டம்ப் -டிஆர் கொண்டு ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்தால், நேர்வழிக்குப் பிசி32 என்றும், அட்டவணை வழிக்கு ஜிஓடிபிசிஆர்இஎல் அடங்கிய பெயரும் தெரியும்.

கோட்பாட்டுக்குள் போகாமல் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். 2015இல் வந்த ஜிசிசி 5 முதல், -எஃப்பிஐஇ தந்தால், எக்ஸ்டெர்ன் என்று மட்டும் அறிவித்த மாறியையும் "இதே எக்ஸிகியூட்டபிளில்தான் இருக்கும்" என்று வைத்துக்கொண்டு கம்பைலர் நேராக எடுக்கிறது. அதற்கு முன் ஜிஓடி வழியாகப் போனது. மாறி ஷேர்டு லைப்ரரியில் இருந்துவிட்டால், லிங்க்கர் எக்ஸிகியூட்டபிளில் அதே அளவுக்கு இடம் ஒதுக்குகிறது. நிரல் தொடங்கும்போது டைனமிக் லோடர் ஆரம்ப மதிப்பை லைப்ரரியிலிருந்து அங்கே நகலெடுக்கிறது. இதற்குக் காப்பி ரீலொகேஷன் என்று பெயர். அதன் பிறகு எல்லோரும் அந்த நகலைத்தான் பயன்படுத்த வேண்டும். யாராவது ஒருவர் மூலத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே வெடிக்கும்.

## அறிகுறி: "ரீகம்பைல் வித் -எஃப்பிஐஇ" என்று லிங்க்கர் நிற்கிறது

செய்தியில் ஆர்_எக்ஸ்86_64_32 அல்லது 32எஸ் என்ற ரீலொகேஷன் (பின்னால் நிரப்ப வேண்டிய முகவரிக்கான குறிப்பு) பெயரும் இருக்கும். எங்கோ ஒரு கோப்பு 32 பிட் நிலையான முகவரியை எதிர்பார்க்கிறது என்று பொருள்.

### பழைய ஆப்ஜெக்ட் கோப்பு மிச்சமிருக்கிறதா?

நான் பார்த்தவற்றில் அதிகம் இதுதான். பில்டு அடைவை முழுக்க அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். கம்பைலர் கேஷ் பயன்படுத்தினால் அதையும் ஒருமுறை காலி செய்யுங்கள்.

### மேக்ஃபைலில் -எஃப்நோ-பிஐஇ எங்காவது ஒட்டியிருக்கிறதா?

யாரோ எப்போதோ வேறொரு பிழைக்காகப் போட்டு மறந்த வரியாக இருக்கும். கம்பைல் கட்டத்தில் அது இருந்து, லிங்க் கட்டத்தில் இல்லாமல் போனால் இந்தப் பிழை நிச்சயம். இரண்டு கட்டத்திலும் ஒரே முடிவு இருக்க வேண்டும்.

சிமேக் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொசிஷன் இண்டிபெண்டன்ட் கோடு பண்பை ஆன் செய்தால் கம்பைல் கட்டத்துக்கு மட்டும்தான் ஆப்ஷன் போகும். லிங்க் கட்டத்துக்கும் போக வேண்டுமானால் சிமேக் 3.14இல் வந்த செக்பிஐஇசப்போர்ட்டட் தொகுதியை அழைக்க வேண்டும்.

### கையால் எழுதிய அசெம்பிளி இருக்கிறதா?

மாறியின் பெயரை அப்படியே முகவரியாக எழுதியிருப்பார்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஆர்ஐபி சேர்த்தால் போதும். ஆனால் பெயரோடு இண்டெக்ஸ் ரெஜிஸ்டரும் ஒரே கட்டளையில் இருந்தால் அப்படிச் சேர்க்க முடியாது. லியா கட்டளையால் முதலில் முகவரியை ரெஜிஸ்டரில் எடுத்துக்கொண்டு, அப்புறம் இண்டெக்ஸ் செய்யுங்கள்.

### வெளியிலிருந்து வந்த ஸ்டாட்டிக் ஆர்கைவா?

ஆர்கைவின் மேல் ரீட்எல்ஃப் -ஆர் ஓட்டி 32எஸ் தேடுங்கள். சோர்ஸ் இருந்தால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். சோர்ஸ் இல்லையென்றால் கட்டிக் கொடுத்தவரிடம் பிஐஇ ஆர்கைவ் கேளுங்கள். நாம் உள்ளே புகுந்து செய்ய எதுவுமில்லை. அது வரும்வரை மட்டும் லிங்க் கட்டத்தில் -நோ-பிஐஇ. அதைத் தற்காலிகம் என்று மேக்ஃபைலிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். அது இருக்கும்வரை எக்ஸிகியூட்டபிளின் கோடும் குளோபல் மாறிகளும் ஒவ்வொரு முறையும் ஒரே முகவரியில் ஏறும். தாக்க வருபவருக்கு அது பெரிய வசதி. வலையோடு பேசும் நிரலுக்கு நான் அதை நிரந்தரமாக விட்டதே இல்லை.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் ஒரே மாறிக்கு இரண்டு மதிப்பு

இங்கேதான் நிறைய நேரம் கரைகிறது, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. நான் முதன்முதலில் மாட்டியது பதிவு_நிலை என்ற மாறியில். நிரலில் அதை 3 ஆக்கினேன், அச்சிட்டுப் பார்த்தேன், 3தான். லைப்ரரியோ 1 என்றே நினைத்து நடந்தது. இரண்டு நாள் த்ரெட் பிரச்சினை என்று நம்பி லாக் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்றுதான்: இரண்டு பக்கமும் மாறியின் மதிப்பை அல்ல, முகவரியை அச்சிட வேண்டும்.

முகவரி ஒன்றாக இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. நீங்கள் தேட வேண்டியது உண்மையான த்ரெட் பிழை. முகவரி வேறு வேறாக இருந்தால் கீழே வாருங்கள்.

### ஹெடரில் ஸ்டாட்டிக் என்று எழுதியிருக்கிறதா?

அப்படியென்றால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தனி மாறி. பிஐஇக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஹெடரில் எக்ஸ்டெர்ன், ஒரே ஒரு சோர்ஸ் கோப்பில் வரையறை என்று மாற்றுங்கள்.

### ஒரே ஸ்டாட்டிக் ஆர்கைவ் இரண்டு இடத்தில் சேர்ந்துவிட்டதா?

எக்ஸிகியூட்டபிளிலும் ஓர் ஆர்கைவ், ஷேர்டு லைப்ரரியிலும் அதே ஆர்கைவ். இரண்டிலும் என்எம் ஓட்டினால் வரையறை இரண்டு முறை தெரியும். டிஎல்ஓப்பன் மூலம் ஓடும்போதே பிளகின் ஏற்றும் நிரல்களில் இது சகஜம். எக்ஸிகியூட்டபிள் தன் மாறிகளைத் தானாக வெளியே காட்டுவதில்லை. லிங்க் செய்யும்போது ஏதாவது லைப்ரரி அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் காட்டும். பிளகின் அப்போது அங்கே இல்லையே. அதனால் அது தன்னிடம் உள்ள நகலையே எடுத்துக்கொள்ளும். -ஆர்டைனமிக் தந்து லிங்க் செய்தால் பெரும்பாலும் தீரும். இன்னும் சுத்தமான வழி, ஆர்கைவை ஷேர்டு லைப்ரரியாக்கி இரண்டு பக்கமும் அதையே லிங்க் செய்வது.

### காப்பி ரீலொகேஷன் இருக்கிறதா?

எக்ஸிகியூட்டபிளின் மேல் ரீட்எல்ஃப் -ஆர் ஓட்டி, ஆர்_எக்ஸ்86_64_காப்பி வரிகளில் உங்கள் மாறியின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் எக்ஸிகியூட்டபிள் தன் நகலைப் பயன்படுத்துகிறது. அது தவறு அல்ல. லைப்ரரியும் அதே நகலுக்கு வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும்.

லைப்ரரி வராமல் போவதற்குக் காரணங்கள் சில. லைப்ரரியை -பிசிம்பாலிக் தந்து லிங்க் செய்திருக்கலாம். அப்போது அது தன் வரையறையோடு தானே கட்டிக்கொள்ளும். மாறிக்குப் புரொடெக்டட் விசிபிலிட்டி (வெளியே தெரியும், ஆனால் வெளியிலிருந்து மாற்றிவைக்க முடியாது என்ற குறி) தந்திருக்கலாம், விளைவு அதேதான். டிஎல்ஓப்பன் அழைப்பில் ஆர்டிஎல்டி_டீப்பைண்ட் இருந்தாலும் லைப்ரரி முதலில் தன்னைத்தான் பார்க்கும்.

எது என்று கண்டுபிடிக்க எல்டி_டீபக்=பைண்டிங்ஸ் என்று சூழல் மாறி வைத்து நிரலை ஓட்டுங்கள். வரும் நீண்ட பட்டியலில் உங்கள் மாறியின் பெயருள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். லைப்ரரியின் பெயர் முன்னும் எக்ஸிகியூட்டபிளின் பெயர் பின்னும் வரும் வரி இருந்தால் லைப்ரரி நகலுக்கு வந்துவிட்டது. லைப்ரரியிலிருந்து லைப்ரரிக்கே என்று இருந்தால் டீப்பைண்டைச் சந்தேகியுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் லிங்க் கட்டத்திலேயே கட்டிக்கொண்டது. -பிசிம்பாலிக் அல்லது புரொடெக்டட்.

இன்னொரு சுலபமான அடையாளமும் உண்டு. அதே சோர்ஸைக் கிளாங்கில் -எஃப்பிஐஇ தந்து கம்பைல் செய்து பாருங்கள். கிளாங் இயல்பாக வெளி மாறிகளை ஜிஓடி வழியாகவே எடுக்கும். கிளாங்கில் சரியாகி, ஜிசிசியில் மட்டும் இரண்டு மதிப்பு வந்தால், காப்பி ரீலொகேஷன்தான் காரணம் என்று நான் ஏறக்குறைய முடிவுகட்டிவிடுவேன்.

### சரிசெய்யும் வழிகள், செலவு குறைந்ததிலிருந்து

அந்த மாறியைத் தொடும் சோர்ஸ் கோப்புகளை மட்டும் -எஃப்பிஐசி தந்து கம்பைல் செய்யுங்கள். எக்ஸிகியூட்டபிளுக்கு எதற்குப் பிஐசி என்று தயங்க வேண்டாம். லிங்க் கட்டத்தில் -பிஐஇ அப்படியே இருக்கலாம். பிஐசியில் வெளி மாறி ஜிஓடி வழியாகப் போகும், காப்பி ரீலொகேஷன் மறைந்துவிடும். க்யூட்டி என்ற இடைமுக லைப்ரரியின் ஹெடர்கள் சில பில்டுகளில் "-எஃப்பிஐஇ போதாது, -எஃப்பிஐசி வேண்டும்" என்று கம்பைலையே நிறுத்திவிடுவதும் இதே காரணத்தால்தான். அந்தச் செய்தியைப் பார்த்து எரிச்சல்பட்டவர்கள் உண்டு. ஆனால் இரண்டு நாள் தேடலைவிட அந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

ஜிசிசி 12 அல்லது அதற்குப் பின் என்றால் -எம்நோ-டைரக்ட்-எக்ஸ்டெர்ன்-ஆக்சஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. பிஐஇயின் மற்ற நன்மைகளை வைத்துக்கொண்டு, வெளி மாறிகளை மட்டும் ஜிஓடி வழியாக அனுப்பும். கிளாங் 12 முதல் இதற்கு இணையானது -எஃப்நோ-டைரக்ட்-ஆக்சஸ்-எக்ஸ்டெர்னல்-டேட்டா. ஜிசிசியின் ஆப்ஷன் ஆப்ஜெக்ட் கோப்பில் ஓர் அடையாளத்தையும் பதிக்கிறது, ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.35 முதல் லோடர் அதைப் பார்க்கும். எனவே திட்டம் முழுவதையும் இதே ஆப்ஷனில் மறுபடி கட்டுங்கள். பாதி அப்படி, பாதி இப்படி என்று விடாதீர்கள்.

லைப்ரரி உங்களுடையது என்றால் -பிசிம்பாலிக்குக்குப் பதில் -பிசிம்பாலிக்-ஃபங்ஷன்ஸ் தாருங்கள். ஃபங்ஷன்கள் மட்டும் உள்ளுக்குள் கட்டப்படும், மாறிகள் வழக்கம்போல நகலுக்கு வரும்.

கடைசி வழி, வேலை அதிகமானது, ஆனால் நான் மனதார விரும்புவது: மாறியை வெளியே காட்டுவதையே நிறுத்துவது. லைப்ரரிக்குள் அதை ஸ்டாட்டிக் ஆக்கி, மதிப்பைப் படிக்க ஒரு ஃபங்ஷன், மாற்ற ஒரு ஃபங்ஷன் என்று தாருங்கள். மாறியின் இருப்பிடம் அப்போது லைப்ரரியின் சொந்த விஷயம். கம்பைலரின் ஊகம் அங்கே நுழையாது.

### எப்போது லைப்ரரிக்காரரிடம் போக வேண்டும்?

லைப்ரரி உங்களுடையதல்ல, -எஃப்பிஐசி தந்தும் முகவரி வேறு வேறாகவே இருக்கிறது, எல்டி_டீபக் பட்டியலும் தெளிவில்லை என்றால் அதற்கு மேல் தோண்ட வேண்டாம். அந்த லைப்ரரியைப் பராமரிப்பவரோ டிஸ்ட்ரோவில் அதைப் பொதி கட்டுபவரோதான் லிங்க் ஆப்ஷன்களை மாற்ற முடியும்.

## அறிகுறி: புரொடெக்டட், ஹிட்டன் என்ற சொற்களோடு லிங்க்கர் பிழை

மேலே சொன்னதன் உரக்கப் பேசும் வடிவம் இது. குனூ லிங்க்கர் "நான்-காப்பியபிள் புரொடெக்டட் சிம்பல்" என்று சொல்லும். எல்எல்டி (எல்எல்விஎம் திட்டத்தின் லிங்க்கர்) "கேனாட் பிரீஎம்ப்ட் சிம்பல்" என்று சொல்லும். நகலெடுத்தால் இரண்டு மதிப்பு வரும் என்று லிங்க்கரே கண்டுகொண்டு நிறுத்துகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, மேலே உள்ள -எஃப்பிஐசி வழியைப் பிடியுங்கள். பழைய லிங்க்கர் பதிப்புகள் சில இதே நிலைமையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் லிங்க்கரைப் புதுப்பித்த பிறகு பிழை வந்தால் லிங்க்கரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

ஹிட்டன் (பைனரிக்கு வெளியே தெரியாத) சிம்பல் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்று வந்தால் கதை வேறு. ஹெடரில் எக்ஸ்டெர்ன் அறிவிப்பின் மேலேயே ஹிட்டன் என்று எழுதிவிட்டு, மாறியை ஷேர்டு லைப்ரரியில் வைத்திருக்கிறீர்கள். வேகத்துக்காகப் பிராக்மா விசிபிலிட்டி புஷ் போட்டு, பாப் போட மறந்து, அதற்குக் கீழே வெளி லைப்ரரியின் ஹெடரை இன்க்ளூட் செய்தால் இப்படித்தான் ஆகும். இன்க்ளூட் வரிகளை மேலே கொண்டுபோங்கள். கட்டளை வரியில் தரும் -எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன் இந்தப் பிழையைத் தராது; எக்ஸ்டெர்ன் அறிவிப்புகளை அது தொடுவதில்லை.

## அறிகுறி: தொடங்கும்போது "டிஃபரன்ட் சைஸ் இன் ஷேர்டு ஆப்ஜெக்ட்" என்ற எச்சரிக்கை

நிரல் அதற்குப் பிறகும் ஓடும். அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. தயவுசெய்து விடாதீர்கள்.

லைப்ரரியில் உள்ள அரே மாறி ஒன்று வளர்ந்துவிட்டது. உங்கள் எக்ஸிகியூட்டபிளோ பழைய அளவுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறது. 40 உறுப்புகள் இருந்த இடத்தில் இப்போது 44 என்று வையுங்கள். லோடர் சிறிய அளவுக்கு மட்டும் நகலெடுக்கும். லைப்ரரி 44 இருப்பதாக நம்பி அந்த நகலில் படிக்கும். கடைசி நான்கும் பக்கத்தில் உள்ள வேறு ஏதோ ஒரு மாறியின் மேல் விழும். படிப்பதோடு நின்றால் தப்பான விடை, எழுதினால் நினைவகம் பாழ்.

உடனடித் தீர்வு, எக்ஸிகியூட்டபிளைப் புதிய லைப்ரரியோடு மறுபடி லிங்க் செய்வது. செய்தியே அதைத்தான் சொல்கிறது. அந்த மாறியின் அளவைக் கோடு எங்காவது ஹெடரிலிருந்து எடுத்திருந்தால், லிங்க் மட்டும் போதாது, கம்பைலும் செய்ய வேண்டும். மறுபடி வராமலிருக்க -எஃப்பிஐசி. லைப்ரரியைத் தருபவர் நீங்கள் என்றால், அளவு மாறும்போது எஸ்ஓநேமில் உள்ள லைப்ரரியின் பதிப்பு எண்ணை உயர்த்துங்கள்.

லைப்ரரி மாறி சுருங்கினால் இயல்பாக எச்சரிக்கை வராது. எச்சரிக்கை இல்லை என்பதால் அளவு பொருந்துகிறது என்று எண்ண வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு கோப்பிலும் ரீட்எல்ஃப் --டின்-சிம்ஸ் ஓட்டி சைஸ் நெடுவரிசையை ஒப்பிடுங்கள்.

சி++இல் பெயர் விளங்காத சிம்பல் ஒன்று, _இசட்டிவி என்று தொடங்குவது, இந்த எச்சரிக்கையில் வந்தால் அது ஒரு கிளாஸின் விடேபிள், அதாவது விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல். லைப்ரரியில் யாரோ புதிய விர்ச்சுவல் ஃபங்ஷன் சேர்த்திருக்கிறார்கள். அங்கே லிங்க் மட்டும் செய்து சமாளிக்கவே கூடாது. எல்லாவற்றையும் புதிய ஹெடரோடு கம்பைல் செய்யுங்கள். முடியாத நிலை என்றால், உதாரணமாக வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே போன பைனரி என்றால், ஏபிஐ (பைனரி அளவிலான) பொருத்தம் தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

## அறிகுறி: பிஐஇ ஆன் செய்ததும் வேகம் குறைந்தது

முதலில் உண்மையிலேயே குறைந்ததா என்று பாருங்கள். பெர்ஃப் ஸ்டாட் கொண்டு இரண்டு பில்டையும் பல முறை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 64 பிட்டில் ஆர்ஐபி சார்ந்த முகவரி கிட்டத்தட்ட இலவசம். 32 பிட் எக்ஸ்86இல் அந்த வசதி இல்லை. அங்கே தன் முகவரியைத் தெரிந்துகொள்ளவே கெட்_பிசி_தங்க் என்ற சின்ன ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், அதோடு ஒரு ரெஜிஸ்டரும் அதற்கே போய்விடும். 32 பிட்டில் வேகம் குறைந்தால் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

### -எஃப்பிஐசி தந்துவிட்டு பிஐஇ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?

சில பில்டு அமைப்புகள் ஸ்டாட்டிக் லைப்ரரிகளுக்கு -எஃப்பிஐசிதான் தருகின்றன; பொசிஷன் இண்டிபெண்டன்ட் கோடு பண்பை ஆன் செய்தால் சிமேக்கும் அப்படியே. பிஐசியில் உங்கள் கோப்பிலேயே வரையறுத்த மாறியைக்கூட "வெளியிலிருந்து யாராவது மாற்றிவைக்கலாம்" என்று ஜிசிசி ஜிஓடி வழியாக எடுக்கும். அதே காரணத்தால் குளோபல் ஃபங்ஷன்களை இன்லைன் செய்யவும் தயங்கும். என் அனுபவத்தில் மாறிகளைவிட இந்த இன்லைன் இழப்புதான் அதிகம் உறைக்கிறது.

கம்பைல் கட்டளையைப் பார்க்க முடியாவிட்டால் கோடிலேயே சோதிக்கலாம்: பிஐஇயில் __பிஐசி__, __பிஐஇ__ என்ற இரு மேக்ரோவும் இருக்கும், பிஐசியில் முதலாவது மட்டும்.

எக்ஸிகியூட்டபிளுக்கு மட்டுமே போகும் ஆர்கைவ் என்றால் -எஃப்பிஐஇக்கு மாற்றுங்கள். ஷேர்டு லைப்ரரிக்கும் போகும் என்றால் -எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன் தந்து, வெளியே தெரிய வேண்டியதை மட்டும் டிஃபால்ட் என்று குறியுங்கள். ஆனால் வேறு கோப்பிலிருந்து எக்ஸ்டெர்னாக எடுக்கும் மாறிகளுக்கு இது எட்டாது. உள் ஹெடரில் அந்த அறிவிப்புகளின் மேலேயே ஹிட்டன் என்று எழுத வேண்டும். வரையறை நம் பைனரியிலேயே இருக்கும் மாறிகளுக்கு மட்டும்.

### ஆப்ஜெக்ட் கோப்பைப் பார்த்துப் பயந்தீர்களா?

ஆப்ஜெக்ட் கோப்பில் ஜிஓடிபிசிஆர்இஎல்எக்ஸ் நிறைய தெரியும். ஆனால் 2016இல் வந்த பின்யூட்டில்ஸ் (குனூ லிங்க்கர் அடங்கிய தொகுப்பு) 2.26 முதல், மாறி எக்ஸிகியூட்டபிளிலேயே இருப்பது தெரிந்தால் லிங்க்கர் அந்த மூவ் கட்டளையை லியாவாக மாற்றிவிடும். அட்டவணையைப் படிக்கும் வேலை போய்விடும். அதனால் கடைசி எக்ஸிகியூட்டபிளைப் பிரித்துப் பாருங்கள். கம்பைலரே நேராக எடுத்திருந்தால் ஒரு கட்டளையில் முடிந்திருக்கும், இது இரண்டு. அந்த அளவு வித்தியாசம் மிச்சமிருக்கும்.

### சூடான லூப்புக்குள் குளோபல் இருக்கிறதா?

இதைப் பிஐஇ தலையில் போடுவார்கள், பெரும்பாலும் தவறு. லூப்புக்குள் வேறு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலோ, கேரக்டர் பாயிண்டர் வழியாக எழுதினாலோ, குளோபல் மாறியின் மதிப்பு மாறியிருக்கலாம் என்று கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி படிக்கும். லூப்புக்கு முன் உள்ளூர் மாறியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். லூப் ஓடும்போது மாறி மாறாது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

குளோபல் அரே விஷயத்தில் பிஐஇக்கு உண்மையான சின்னச் செலவு உண்டு. பழைய முறையில் அரேயின் முகவரியும் இண்டெக்ஸும் ஒரே கட்டளையில் அடங்கும். பிஐஇயில் முதலில் லியா, அப்புறம் இண்டெக்ஸ். லூப்புக்கு வெளியே லியாவைக் கம்பைலர் நகர்த்திவிடும், ஆனால் ஒரு ரெஜிஸ்டர் அதற்குப் போகும். ஏற்கெனவே ரெஜிஸ்டர் நெருக்கடியில் உள்ள லூப்பில் மட்டும் இது தெரியும்.

### தொடங்கும் நேரம் மட்டும் கூடியிருக்கிறதா?

பாயிண்டர்கள் நிறைந்த குளோபல் அட்டவணைகளைத் தேடுங்கள். எழுத்துச் சரங்களின் பட்டியல் மாதிரி. பிஐஇயில் ஒவ்வொரு பாயிண்டரையும் தொடக்கத்தில் லோடர் திருத்த வேண்டும். ரீட்எல்ஃப் -ஆர் காட்டும் ரிலேட்டிவ் வரிகளை எண்ணுங்கள். கோப்பில் ஒவ்வொன்றும் 24 பைட். பின்யூட்டில்ஸ் 2.38, ஜிலிப்சி 2.36 அல்லது புதியவை இருந்தால் லிங்க்கருக்கு -இசட் பேக்-ரிலேட்டிவ்-ரீலொக்ஸ் தாருங்கள். கோப்பு அளவு சட்டென்று சுருங்கும். பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் அந்த எக்ஸிகியூட்டபிள் ஓடாது என்பதை மறக்க வேண்டாம்.

### இன்னும் குறையவில்லையா?

-எஃப்எல்டிஓ (லிங்க் நேரத்தில் மேம்படுத்தல்) தந்து பாருங்கள். எந்த மாறி எக்ஸிகியூட்டபிளில் இருக்கிறது என்பதை லிங்க்கரே கம்பைலருக்குச் சொல்லிவிடும், ஊகத்துக்கு இடமில்லை. பில்டு நேரம் கூடும். அதற்கும் அசையவில்லை, பெர்ஃப் அறிக்கையில் குளோபல் எடுக்கும் வரிகள் மேலே வரவும் இல்லை என்றால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. செயல்திறன் அலசலில் பழகிய ஒருவரோடு உட்காருங்கள்.

## அறிகுறி: "ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்"

ஆர்ஐபியிலிருந்து முன்னும் பின்னும் 2 ஜிபி வரைதான் எட்டும். யாரோ பிரம்மாண்டமான குளோபல் அரே ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். என்எம் --சைஸ்-சார்ட் கடைசி வரியில் அது யார் என்று தெரிந்துவிடும். அதை மாலாக் மூலம் ஓடும்போது ஒதுக்கும் நினைவகத்துக்கு மாற்றுங்கள். மாற்றவே முடியாத பழைய கோடு என்றால் -எம்சிமாடல்=மீடியம்; 64 கேபிக்கு மேற்பட்ட மாறிகள் தனிப் பகுதிக்குப் போகும், அவற்றை எடுப்பது கொஞ்சம் மெதுவாகும்.

## ஒருவரை அழைக்க முடிவு செய்தால் கையில் வைத்திருக்க வேண்டியவை

கம்பைலர், லிங்க்கர், ஜிலிப்சி மூன்றின் பதிப்பு எண்கள். அந்த மாறியைத் தொடும் ஒரு சோர்ஸ் கோப்பின் முழுக் கம்பைல் கட்டளை, அப்புறம் முழு லிங்க் கட்டளை; மேக்ஃபைல் அல்ல, உண்மையில் ஓடிய வரி. எக்ஸிகியூட்டபிள், லைப்ரரி இரண்டின் ரீட்எல்ஃப் வெளியீடுகளில் அந்த மாறியின் பெயருள்ள வரிகள். இரண்டு பக்கமும் அச்சிட்ட முகவரிகள். முடிந்தால், ஒரு மாறியும் இரண்டு கோப்பும் மட்டுமே உள்ள சின்ன மாதிரி நிரல். அந்த மாதிரியைக் கட்டும்போதே பல முறை எனக்குக் காரணம் அகப்பட்டிருக்கிறது. அகப்படாவிட்டாலும், பார்க்க வருபவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.